ஐஐடி ஜாம் பயோடெக்னாலஜி தேர்வு: பி.எஸ்சி. மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி என்று ஏதோ ஒரு பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் கூடுகிறார்கள். எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்கு அவர்களோடு உட்கார்ந்து படிப்பதை சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் "எந்த புக் படிக்கணும் அண்ணா?" என்பதுதான். புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு பென்சிலும் ரஃப் நோட்டும் வாங்கி வா என்பேன். இந்தத் தேர்வில் நம் பிள்ளைகள் தோற்பது உயிரியல் தெரியாமல் அல்ல. கணக்கு என்று கண்ணில் பட்டதும் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள், அதனால்தான் தோற்கிறார்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றைச் சரிசெய்யத்தான்.

முதல் வேலை: எந்தத் தேர்வு என்று முடிவு செய்யுங்கள்

ஐஐடிக்களில் எம்.எஸ்சி. சேர நடத்தப்படும் ஜாம் தேர்வு 2004இல் தொடங்கியது. அதில் 7 தாள்கள் உண்டு. நமக்குரியது பயோடெக்னாலஜி தாள். ஐஐடி பம்பாய், ரூர்க்கி, இந்தூர் போன்ற இடங்களில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி படிக்க வழி இதுதான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி. படிப்பும் ஜாம் மதிப்பெண்ணை ஏற்கிறது. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு நடக்கும். ஆண்டுக்கு ஓர் ஐஐடி பொறுப்பேற்கும். 2024இல் சென்னை ஐஐடி நடத்தியது, 2025இல் டெல்லி ஐஐடி. வாங்கும் மதிப்பெண் அந்த ஓர் ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். வயது வரம்பு கிடையாது.

இரண்டாவது, கேட்-பி. மத்திய பயோடெக்னாலஜி துறையின் ஆதரவில் நடக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கான தேர்வு இது. முன்பு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் நடத்திய பொது நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக 2020 முதல் நடக்கிறது. மூன்றாவது, கியூட் பிஜி. புதுச்சேரி பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. உயிர் அறிவியலுக்குக் கியூட், எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்குக் கேட்-பி என்று வழி பிரிகிறது. இதைத் தெரியாமல் ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர். ஆராய்ச்சியில் உண்மையான ஆசை இருந்தால் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் போன்றவற்றுக்காக டாடா ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் தேர்வையும் பாருங்கள். அதற்கு மனப்பாடம் உதவாது. ஒரு சோதனையை எப்படி வடிவமைப்பது என்று யோசிக்கத் தெரிந்தவர்களுக்கான தேர்வு அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளஸ் டூவில் பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்கள், அதாவது கணக்குப் பாடமே இல்லாமல் தாவரவியல், விலங்கியல் படித்தவர்கள், விண்ணப்பிக்கும் முன் தகவல் கையேட்டில் தகுதி அட்டவணையைக் கட்டாயம் பாருங்கள். பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று சில ஐஐடி படிப்புகள் நிபந்தனை வைப்பதுண்டு. தேர்வு எழுதத் தடை இருக்காது, ரேங்கும் வரும். சேரப் போகும்போதுதான் கதவு மூடியிருப்பது தெரியும். எட்டு மாதம் உழைத்த பிறகு அதைத் தெரிந்துகொள்வதைவிட முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. அந்த நிபந்தனை உங்களைத் தடுத்தால் கேட்-பி, கியூட் இரண்டையும் முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள தயாரிப்பு அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தேர்வின் உடல் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

ஜாம் தேர்வு 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். முதல் பிரிவில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 30 கேள்விகள், மொத்தம் 50 மதிப்பெண். இதில் 10 கேள்விகளுக்கு 1 மதிப்பெண், 20 கேள்விகளுக்கு 2 மதிப்பெண். தவறாக எழுதினால் மூன்றில் ஒரு பங்கு நெகட்டிவ். இரண்டாம் பிரிவில் 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். சரியான விடைகள் ஒன்றோ பலவோ இருக்கலாம். அத்தனையையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடைக்காது. மூன்றாம் பிரிவில் 20 கேள்விகள், 30 மதிப்பெண். விருப்ப விடைகளே இருக்காது. நாமே கணக்குப் போட்டு எண்ணைத் தட்ட வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் நெகட்டிவ் மார்க் கிடையாது. அதாவது 100இல் 50 மதிப்பெண்ணுக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த 50இல் 30 எண்ணை விடையாகக் கேட்பது. கோச்சிங் சென்டர் கையேட்டில் உயிரியல் வரிகளை அடிக்கோடிட்டுப் படித்தவர், இந்த 30 மதிப்பெண்ணை வெறுமையாக விட்டுவிட்டு வெளியே வருகிறார். பக்கத்து ஊர் இயற்பியல் மாணவர்கூட வந்து எழுதிவிடக்கூடிய கணக்குகள் அதில் சில இருக்கும்.

பாடத்திட்டம் இப்போது நான்கு பகுதிகளாக இருக்கிறது: முதலாவது பொது உயிரியல்; இரண்டாவது உயிர்வேதியியல், உயிர் இயற்பியல், மூலக்கூறு உயிரியல்; மூன்றாவது நுண்ணுயிரியல், செல் உயிரியல், நோய்த்தடைக்காப்பியல்; நான்காவது கணித அறிவியல். முன்பு வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் தனித்தனிப் பங்கு இருந்தது. பழைய வினாத்தாளில் கரிம வேதியியலும் ஒளியியலும் வந்தால் பயந்துவிடாதீர்கள். பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, இப்போது பொருந்தாத கேள்விகளைப் பென்சிலால் அடித்துவிட்டுப் பயிற்சி செய்யுங்கள்.

படிக்கும் முன்பே ஒரு தாள் எழுதுங்கள்

இதைச் சொன்னால் எல்லோரும் தயங்குவார்கள். "ஒண்ணுமே படிக்கலையே, எழுதி என்ன ஆகப்போகுது?" என்பார்கள். ஜாம் இணையதளத்தில் முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை அச்செடுத்து, 3 மணி நேரம் அலாரம் வைத்து, கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு எழுதுங்கள். 15 மதிப்பெண் வரலாம், 8 வரலாம். எண் முக்கியமில்லை.

அன்று மாலை தாளை மறுபடி எடுத்து, தவறான ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் மூன்றில் ஒரு எழுத்தை எழுதுங்கள். 'தெ' என்றால் விஷயமே தெரியாது. 'ம' என்றால் படித்தது, மறந்துவிட்டது. 'க' என்றால் விஷயம் தெரியும், கணக்காக மாற்றத் தெரியவில்லை. எங்கள் நூலகக் கூட்டத்தில் ஏறக்குறைய ஒவ்வொருவர் தாளிலும் 'க' குவிந்து கிடக்கும். அமினோ அமிலங்கள் இருபதின் பெயரும் ஒப்பிப்பவர், ஒன்றின் மின்சுமை பிஹெச் 7இல் எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார். அந்த 'க'க்களை ஒழிப்பதுதான் அடுத்த எட்டு மாதத்தின் வேலை. மூன்றாம் ஆண்டு தொடங்கும் ஜூன் மாதமே இதைச் செய்துவிட்டால் பிப்ரவரிக்கு நேரம் தாராளமாக இருக்கும்.

ஜூன், ஜூலை: கணக்குக்கு மட்டும் தினமும் ஒரு மணி நேரம்

11, 12ஆம் வகுப்புக் கணிதப் புத்தகங்கள் போதும். நம் மாநிலப் பாடநூலாக இருக்கலாம், என்சிஇஆர்டியாக இருக்கலாம். தமிழ் வழியில் படித்தவர்கள் தயங்காமல் தமிழ்ப் புத்தகத்திலேயே கணக்கைப் புரிந்துகொண்டு, பிறகு அதே அத்தியாயத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை புரட்டுங்கள். தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே, ஆகவே கலைச்சொற்கள் கண்ணுக்குப் பழக வேண்டும்.

வரிசையை இப்படி வையுங்கள். முதலில் மடக்கையும் அடுக்குகளும். இவை இல்லாமல் உயிர்வேதியியலில் ஓரடி நகர முடியாது. இரண்டாவது நிகழ்தகவு, பெர்முடேஷன், காம்பினேஷன். இவை இல்லாமல் மரபியல் இல்லை. மூன்றாவது வகைக்கெழுவும் அதன் பயன்பாடும். நான்காவது அணிகளும் அணிக்கோவைகளும். குறைந்த நாளில் கற்று நிச்சயமாக மதிப்பெண் எடுக்கக்கூடிய பகுதி இது, இதை விடவே விடாதீர்கள். அதன் பிறகு எல்லை, தொகையிடல், எளிய வகைக்கெழுச் சமன்பாடு, நேர்க்கோடு, வெக்டர். கூம்பு வெட்டுகளை நேரம் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் போகட்டும்.

கணிதத்தைத் தனித் தீவாக வைக்காதீர்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சூழலியலில் வரம்புடன் வளரும் இனத்தொகையின் வளைவைப் படித்திருப்பீர்கள், எஸ் வடிவத்தில் வரும். எப்போது வளர்ச்சி வேகம் அதிகம் என்று கேட்டால், தாங்குதிறனில் பாதியை எட்டும்போது என்று மனப்பாடமாகச் சொல்வோம். ஏன் பாதி? வளர்ச்சி வேகத்தின் சமன்பாட்டை இனத்தொகையைப் பொறுத்து வகைக்கெழு எடுத்து, பூச்சியத்துக்குச் சமமாக வைத்தால் இரண்டே வரியில் பாதி என்று வந்துவிடும். அந்த இடத்தில் வேகம் எவ்வளவு என்றும் கிடைக்கும்: வளர்ச்சி வீதத்தையும் தாங்குதிறனையும் பெருக்கி நான்கால் வகுக்க வேண்டும். 'பயன்பாட்டு வகைக்கெழு' அத்தியாயமும் சூழலியல் அத்தியாயமும் ஒரே நாளில் முடிந்தன பாருங்கள். பியூர் சயின்ஸ் படித்த ஒரு தங்கை இதைக் கையால் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா இவ்வளவு பயந்தேன்?" என்று கேட்டாள். அந்த ஒரு நாளுக்குப் பிறகு அவளுக்கு கணிதம் தடையாக இல்லை.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை: உயிர்வேதியியலும் மூலக்கூறு உயிரியலும்

அதிக நேரம் இங்கேதான் போக வேண்டும். கல்லூரி நூலகத்தில் இருக்கும் தடிமனான உயிர்வேதியியல் பாடநூலில் நீர், அமினோ அமிலங்கள், புரத அமைப்பு, நொதிகள், கிளைக்கோலைசிஸ், கிரெப்ஸ் சுழற்சி, ஆக்சிஜனேற்ற பாஸ்பரிலேற்றம் ஆகிய அத்தியாயங்களை வரிக்கு வரி படியுங்கள். ஒவ்வோர் அத்தியாயத்தின் பின்னால் இருக்கும் கணக்குகளைப் போடாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். நம்மில் பலர் அந்தப் பின்பக்கத்தைத் திறந்ததே இல்லை. தேர்வுக் கேள்விகளின் சாயல் அங்கேதான் இருக்கிறது.

நான்கு கணக்குகளைப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுவதுபோல் சொல்கிறேன். இவை கைவந்தால் இதே குடும்பத்தைச் சேர்ந்த முப்பது நாற்பது கேள்விகள் கைவந்த மாதிரி.

அஸ்பார்டிக் அமிலத்தின் நிகர மின்சுமை எந்த பிஹெச்சில் பூச்சியம் ஆகும்? மூன்று பிகேஏ மதிப்புகள் கொடுக்கப்பட்டிருக்கும்: 1.88, 3.65, 9.60. அவசரக்காரர் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 5.04 என்பார். இன்னொருவர் முதலையும் கடைசியையும் கூட்டி இரண்டால் வகுத்து 5.74 என்பார். இரண்டும் தவறு. பென்சில் எடுத்து மூலக்கூறை வரையுங்கள். மிகுந்த அமிலத்தில் அதன் மின்சுமை +1. முதல் புரோட்டான் 1.88இல் கழன்றால் பூச்சியம். அடுத்தது 3.65இல் கழன்றால் −1. பூச்சியம் என்ற நிலை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆகவே 1.88, 3.65 இரண்டின் சராசரி, 2.77. லைசின் வந்தால் இதே முறைதான், ஆனால் மேலே இருக்கும் இரண்டு மதிப்புகளை எடுக்க வேண்டும். சூத்திரமாக மனப்பாடம் செய்தால் தேர்வறையில் எந்த இரண்டு என்று குழம்பும். வரைந்து பழகினால் குழம்பாது.

அடுத்தது நொதி. தளப்பொருளின் செறிவு கேஎம் மதிப்புக்குச் சமமாக இருந்தால் வேகம் உச்சத்தில் பாதி என்பது எல்லோருக்கும் தெரியும். 90 சதவீத வேகம் வேண்டுமென்றால்? மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டில் போட்டால் 9 மடங்கு கேஎம் தேவை. 10 சதவீத வேகத்துக்குக் கேஎம்மில் ஒன்பதில் ஒரு பங்கு போதும். ஆகவே 10இலிருந்து 90 சதவீதத்துக்குப் போகச் செறிவு 81 மடங்கு கூட வேண்டும். இந்த 81 என்ற எண்ணை நீங்களே ஒருமுறை வருவித்துப் பாருங்கள். தடுப்பான்கள் சேரும்போது கேஎம்மும் உச்ச வேகமும் எப்படி மாறும் என்பதை அதே சமன்பாட்டில் வைத்து வரைபடமாகப் போடுங்கள். போட்டித் தடுப்பு, போட்டியற்ற தடுப்பு என்ற அட்டவணையை ஒப்பிக்கும் தேவையே இருக்காது.

மூன்றாவது, ஆய்வகக் கணக்கு. 2 மைக்ரோலிட்டர் டிஎன்ஏவை 98 மைக்ரோலிட்டர் நீரில் கலந்து, 1 செ.மீ. குவெட்டில் 260 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தால் 0.4 வருகிறது. மூல மாதிரியின் செறிவு? இரட்டை இழை டிஎன்ஏவுக்கு அளவீடு 1 என்றால் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம். இங்கே நம் பிள்ளைகள் 98ஐ 2ஆல் வகுத்து 49 மடங்கு என்பார்கள். மொத்தக் கன அளவு 100 என்பதை மறந்துவிடுவார்கள். நீர்த்தது 50 மடங்கு. ஆகவே 0.4 × 50 × 50 = 1000, அதாவது மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். கல்லூரி ஆய்வகத்தில் மைக்ரோபிப்பெட்டைக் கையில் பிடிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள் நம்மில் பலர் என்பது தெரியும். அப்படிப்பட்டவர்கள் வீட்டில் ஒரு டம்ளர் காபி டிகாக்ஷனை எடுத்து, ஸ்பூன் கணக்கில் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்துப் பாருங்கள். 1 ஸ்பூன் டிகாக்ஷனோடு 9 ஸ்பூன் நீர் சேர்த்தால்தான் பத்து மடங்கு என்பது ஒருமுறை கண்ணால் பார்த்தால் மறக்காது.

நான்காவது தாங்கல் கரைசல். அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ 4.76. பிஹெச் 5.06 வேண்டுமென்றால் அசிட்டேட்டும் அமிலமும் எந்த விகிதத்தில்? வித்தியாசம் 0.30. பத்தின் 0.30 அடுக்கு ஏறத்தாழ 2. ஆகவே 2:1. மடக்கை 2 என்பது 0.301, மடக்கை 3 என்பது 0.477, இந்த இரண்டை மட்டும் மனத்தில் வைத்தால் பாதிக் கணக்குகள் கால்குலேட்டர் இல்லாமலே முடியும்.

மூலக்கூறு உயிரியலில் சில அடிப்படை எண்களை வழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரு கார இணைகளின் இடைவெளி 0.34 நானோமீட்டர். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10.5 கார இணைகள். ஓர் அமினோ அமில எச்சத்தின் சராசரி எடை 110 டால்டன். 6 காரங்களை அடையாளம் காணும் நொதி, நான்கு காரங்களும் சமமாக இருக்கும் டிஎன்ஏவில் சராசரியாக 4096 கார இணைகளுக்கு ஒருமுறை வெட்டும். பிசிஆரில் 30 சுழற்சிக்குப் பிறகு கோட்பாட்டளவில் நூறு கோடிக்கும் சற்று அதிகமான படிகள். இவற்றை வைத்து, '330 அமினோ அமிலம் உள்ள புரதத்தின் எடை என்ன, நிறுத்தக் குறியோடு சேர்த்து அதன் குறியீட்டுப் பகுதி எத்தனை நியூக்ளியோடைடு' போன்ற கேள்விகளை நீங்களே உருவாக்கி நண்பருக்குக் கொடுங்கள். எடை 36.3 கிலோடால்டன், நீளம் 993.

ஒரு சின்ன விஷயம். ஒரு குளுக்கோஸிலிருந்து எத்தனை ஏடிபி என்பதற்குப் பழைய பாடநூல்களில் 36 அல்லது 38 என்று இருக்கும். புதிய பாடநூல்கள் 30 அல்லது 32 என்கின்றன. எந்தக் கணக்கில் எது வருகிறது என்று ஒருமுறை தாளில் போட்டுவிட்டால், கேள்வியில் கொடுத்திருக்கும் தகவலை வைத்து நீங்களே முடிவு செய்யலாம்.

மரபியல், நோய்த்தடைக்காப்பியல், மற்றவை

மரபியலில் கதை படிக்காதீர்கள், கணக்குப் போடுங்கள். மூன்று ஜீன்களுக்கும் கலப்பினமான இரண்டு தாவரங்களைக் கலந்தால், மூன்று பண்பிலும் ஓங்கியதாகத் தெரியும் சந்ததியின் நிகழ்தகவு என்ன? 64 கட்டம் வரையத் தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் நான்கில் மூன்று, மூன்றையும் பெருக்கினால் 64இல் 27. இரண்டு தசம இடத்தில் 0.42. ஹார்டி-வெயின்பர்க் கணக்கில் ஒடுங்கிய நோய் 10,000 பேரில் ஒருவருக்கு என்றால், அந்த அல்லீலின் நிகழ்வெண் 0.01. நோயைச் சுமப்பவர்கள் 2 × 0.99 × 0.01, அதாவது 0.0198. நோயாளி பத்தாயிரத்தில் ஒருவர்தான், சுமப்பவரோ ஏறக்குறைய ஐம்பதில் ஒருவர். எத்தனை முறை போட்டாலும் எனக்கு இந்தக் கணக்கு அலுக்கவே இல்லை.

நோய்த்தடைக்காப்பியலில் நினைவாற்றல்தான் வேலை. எம்ஹெச்சி முதல் வகுப்பு சிடி8 செல்லுக்கு, இரண்டாம் வகுப்பு சிடி4 செல்லுக்கு என்பது குழம்பினால் பெருக்கிப் பாருங்கள்: ஒன்று எட்டும் எட்டு, இரண்டு நான்கும் எட்டு. எதிர்ப்பொருளின் ஐந்து வகைகள், அவற்றில் எது ஐந்து அலகுகள் சேர்ந்தது, எது நஞ்சுக்கொடியைக் கடக்கும், எது ஒவ்வாமைக்குக் காரணம் என்பவற்றை ஓர் அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். செல் சுழற்சி, நுண்ணுயிர் வளர்ச்சி இரண்டையும் நன்றாகப் பாருங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியா ஆயிரம் இருந்தால் 3 மணி நேரத்தில் 5,12,000 ஆகும் என்ற மாதிரிக் கேள்விகள் இலவச மதிப்பெண். வகைப்பாட்டியலும் பாதுகாப்பு உயிரியலும் கடைசி மாதத்தில் நான்கு நாள் போதும்.

செப்டம்பரில் மறக்கக்கூடாத வேலை: சான்றிதழ்

ஜாம் விண்ணப்பம் செப்டம்பரில் திறந்து அக்டோபரில் மூடிவிடும். படிப்பில் மூழ்கியவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் நாம் பள்ளியிலிருந்து வைத்திருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் ஐஐடிக்கோ மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வசதிபடைத்த பிரிவில் வராதவர் என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. வருமான வரம்பு 8 லட்சம். ஆனால் அந்தச் சோதனையில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல், 'அப்பா சம்பளம் அதிகம், நமக்குக் கிடைக்காது' என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சம்பளத்தைப் பார்க்காமல் பெற்றோர் வகிக்கும் பதவியை வைத்துத் தனி விதி இருக்கிறது, அதைப் படித்துப் பாருங்கள்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வரும். சில இடங்களில் ஒரு வாரம், சில இடங்களில் ஒரு மாதம். சான்றிதழ் எந்தத் தேதிக்குப் பின் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஜாம் தகவல் கையேட்டில் குறிப்பிட்டிருக்கும், பழைய ஆண்டுச் சான்றிதழ் ஏற்கப்படாது. எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி நல்ல ரேங்க் வாங்கினான். கையில் இருந்தது மாநிலச் சான்றிதழ். புதிதாக விண்ணப்பித்தது ஓர் அலுவலகத்தில் கிடந்தது, கெடு முடிந்த பிறகு வந்தது. பொதுப் பிரிவில் அவனுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அவன் அம்மா என்னிடம், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அன்றிலிருந்து கணக்கு நோட்டுக்கு முன்பே சான்றிதழைப் பற்றித்தான் கேட்கிறேன்.

நவம்பர் முதல் ஜனவரி வரை: தாள், தாள், தாள்

ஐந்தாம் செமஸ்டர் தேர்வு நவம்பரில் வந்து குறுக்கே நிற்கும். அதற்கு இரண்டு வாரம் கொடுத்துவிடுங்கள், அரியர் வைத்துக்கொண்டு ஐஐடிக்குப் போக முடியாது. அது முடிந்ததும் வாரம் ஒரு முழுத் தாள், ஜனவரியில் வாரம் இரண்டு. காலை 9:30க்கு ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை என்று மாற்றி எழுதுங்கள்.

தேர்வறையில் நம் கால்குலேட்டர் கிடையாது. திரையில் ஒன்று தோன்றும், மௌசால் தட்ட வேண்டும். நம் கைக் கால்குலேட்டர் போல அது நடந்துகொள்ளாது. அதே மாதிரியான ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் பயிற்சி செய்யும்போதும் அதை மட்டுமே பயன்படுத்துங்கள். கணினி இல்லையென்றால் ஒரு பிரவுசிங் சென்டரில் இரண்டு முறையாவது உட்கார்ந்து பாருங்கள். கைபேசித் திரையில் மட்டும் மாதிரித் தேர்வு எழுதியவர்கள், தேர்வு நாளில் மௌஸைப் பிடிக்கவே பத்து நிமிடம் தடுமாறியதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தவறு நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கேள்வியை முழுதாக நகல் எடுக்காதீர்கள். 'நீர்த்தலில் மொத்தக் கன அளவை மறந்தேன்', 'இரண்டு தசமம் கேட்டார்கள், ஒன்று கொடுத்தேன்' என்று ஒரே வரியில், எப்படித் தவறினேன் என்று எழுதுங்கள். கடைசி வாரத்தில் பாடநூலைத் தொட வேண்டாம், அந்த நோட்டு போதும்.

ஊகிக்கலாமா வேண்டாமா?

இதற்கு உணர்ச்சி வேண்டாம், நிகழ்தகவு படித்திருக்கிறோமே. ஜாம் முதல் பிரிவில் நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டினால், சராசரியாக லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஒரே ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று தெரிந்தால் ஊகிப்பது லாபம். இரண்டை நீக்க முடிந்தால் தயங்கவே வேண்டாம்.

கேட்-பியில் கதை வேறு. அதில் முதல் பிரிவு பிளஸ் டூ அளவிலான 60 கேள்விகள், தலா 1 மதிப்பெண், தவறுக்கு அரை மதிப்பெண் போகும். அங்கே கண்மூடி ஊகித்தால் நஷ்டம்தான். ஒன்றை நீக்கினாலும் சமன்தான் ஆகும், இரண்டை நீக்க முடிந்தால் மட்டும் எழுதுங்கள். இரண்டாம் பிரிவில் 100 கேள்விகளில் 60ஐத் தேர்ந்தெடுக்கலாம், தலா 3 மதிப்பெண், தவறுக்கு 1 போகும். மொத்தம் 240இல் 180 இந்தப் பிரிவில் இருப்பதால், நூறையும் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தெரிந்த அறுபதைப் பொறுக்குவதே ஒரு திறமை. கியூட் பிஜியில் 75 கேள்விகள், சரிக்கு 4, தவறுக்கு 1 குறையும். அங்கே எதையும் காலியாக விடாதீர்கள்.

தேர்வு நாள்

நான் சொல்லித்தரும் வரிசை இது. முதலில் 1 மதிப்பெண் விருப்ப விடைக் கேள்விகள் பத்து, 15 நிமிடத்தில். உடனே மூன்றாம் பிரிவின் எண் கேள்விகளுக்குப் போய்விடுங்கள், மூளை புத்துணர்ச்சியோடு இருக்கும்போதே ஒரு மணி நேரம் அதற்கு. பிறகு 2 மதிப்பெண் விருப்ப விடைகளுக்கு ஒரு மணி நேரம். பல விடைக் கேள்விகள் கடைசியில். அவற்றில் ஒவ்வொரு விடையையும் தனித்தனிச் 'சரியா தவறா' கேள்வியாகப் பாருங்கள், நான்கையும் சேர்த்துப் பார்த்தால் கண் ஏமாற்றும். நெகட்டிவ் இல்லாத இரண்டு பிரிவுகளிலும் எதையும் வெறுமையாக விட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். கணக்கு முழுதாக வரவில்லையென்றாலும் கிட்டத்தட்ட என்ன வரும் என்று ஓர் எண்ணைத் தட்டுங்கள்.

எத்தனை தசமம் கேட்கிறார்கள் என்பதை விடையைத் தட்டும் முன் மறுபடி படியுங்கள். அலகையும் பாருங்கள், நானோமீட்டரா மைக்ரோமீட்டரா என்று. ஒரு வேலை நிறைந்த வாரத்தின் முடிவில் அந்த மூன்று மணி நேரம் வருகிறது, அதனால் முதல் நாள் இரவு பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊர் மையம் வந்தாலும் முந்தைய நாள் மாலையே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

முடிவு வந்த பிறகு

மார்ச்சில் முடிவு வரும். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர இணையத்தில் தனியாக விண்ணப்பித்து, விரும்பும் படிப்புகளை வரிசைப்படுத்த வேண்டும். ரேங்க் வந்தால் தானாக அழைப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். வரிசைப்படுத்தும்போது 'கிடைக்கும் போலிருப்பதை' முதலில் போடாதீர்கள், உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். ஒதுக்கீடு ரேங்கை வைத்து மேலிருந்து கீழே வரும், ஆசையை மேலே வைத்ததால் கீழே இருப்பது பறிபோகாது. என்ஐடிகளுக்கும் வேறு சில நிறுவனங்களுக்கும் ஜாம் மதிப்பெண்ணை வைத்தே சிசிஎம்என் என்ற பொதுக் கலந்தாய்வு நடக்கிறது. அதற்குத் தனிப் பதிவு, தனிக் கட்டணம், தனிக் கெடு. மார்ச் மாதத்திலேயே இந்த இரண்டு தளங்களின் தேதிகளையும் காலண்டரில் குறித்து, ஆறாம் செமஸ்டர் தேர்வு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.